ஈ.டி. ஆடும்போது குழியில் விழாமல் இருக்க

அட்டாரி 2600 என்ற வீட்டு வீடியோ கேம் கருவிக்காக 1982 டிசம்பரில் வந்த, ஈ.டி. படத்தைத் தழுவிய கேமை இன்று எமுலேட்டரில் (பழைய கருவியைக் கணினியில் போலச் செய்யும் மென்பொருளில்) திறப்பவர்களில் பலர் ஐந்தே நிமிடத்தில் மூடிவிடுகிறார்கள். 'உலகத்திலேயே மட்டமான கேம்' என்று கேள்விப்பட்டது சரிதான் என்று அவர்களுக்கு ஒரு திருப்தி. ஏமாற்றம் தரும் கேம்தான், மறுக்கவில்லை. ஆனால் பாதி எரிச்சல் நாமே தேடிக்கொள்வது.

வேற்றுக்கிரகவாசியான ஈ.டி., டெலிபோனின் மூன்று துண்டுகளைச் சேர்த்து, தன் விண்கப்பலைக் கூப்பிட்டு வீடு திரும்ப வேண்டும், அதுதான் கேம். மேனுவலைப் படிக்காமல் தொடங்காதீர்கள். ஈ.டி. நடக்க நடக்க திரையின் மேல்பட்டையில் ஒரு சின்னம் மாறிக்கொண்டே இருக்கும். அம்புக்குறி வரும் இடத்தில் பட்டனை அழுத்தினால் பக்கத்துத் திரைக்குத் தாவலாம். கேள்விக்குறி வரும் இடத்தில் அழுத்தினால், அந்தத் திரையில் டெலிபோன் துண்டு இருந்தால் அது கிடக்கும் குழியில் ஒரு கணம் மின்னும். இது தெரியாதவர் மூன்று துண்டுகளுக்காக ஒவ்வொரு குழியாக விழுந்து பார்ப்பார். 9999-இல் தொடங்கும் ஆற்றலோ நடந்தாலே குறையும், விழுந்தால் மளமளவென்று இறங்கும்.

அப்புறம் அந்தக் குழிகள். பேர் கெட்டதே இவற்றால்தான். ஈ.டி.யின் கால் திரையில் குழிக்குக் கீழ்ப்பக்கத்துத் தரையில் இருக்கும், தலை மட்டும் குழியின் மேல் தெரியும். நம் கண்ணுக்கு அவன் குழிக்கு இந்தப் பக்கம் பத்திரமாக நிற்கிறான். கேமுக்கு அந்தக் கணக்கெல்லாம் கிடையாது, தலையில் ஒரு புள்ளி பட்டாலும் உள்ளே. கழுத்தை நீட்டி மெதுவாக மிதந்து மேலே வந்தவர், அதே வேகத்தில் ஜாய்ஸ்டிக்கை மேலேயே தள்ளிக்கொண்டிருந்தால் திரும்பவும் விழுவார். வெளியே வந்ததும் கையை எடுத்துவிடுங்கள். உடம்பு எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்டு நகருங்கள்.

மொத்தம் ஆறு திரைகள், ஒரு பகடையின் ஆறு பக்கங்களைப் போல மடிந்திருக்கின்றன. இடம் வலம் என்று மனசுக்குள் நேர்கோட்டில் வரைபடம் போட்டால் குழம்பும்.

தொடங்கும்போது தேர்ந்தெடுக்கும் ஆட்ட வகைகளில் முதல் தடவையே கேம் 1-ஐ எடுக்க வேண்டாம். அதில் எஃப்.பி.ஐ. (அமெரிக்கப் புலனாய்வுத் துறை) ஆள் துண்டைப் பறிப்பார், விஞ்ஞானி ஈ.டி.யையே தூக்கிக்கொண்டு போவார். கேம் 3-இல் சிறுவன் எலியட் மட்டும்தான், நிம்மதியாகப் பழகலாம். துண்டுகள் சேர்ந்ததும் அவசரப்பட்டுக் கப்பலைக் கூப்பிடுவதும் வழக்கமான தவறு. கூப்பிட்ட நொடியே கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடும். காட்டுத் திரையில் கப்பல் எங்கே இறங்கும் என்பதை முன்பே பார்த்து வையுங்கள்.

பழியை எல்லாம் இந்தக் கேமை உருவாக்கிய ஹோவர்ட் ஸ்காட் வார்ஷா தலையில் கட்டுவதையும் விட்டுவிடலாம். யார்ஸ் ரிவெஞ்ச் என்ற அருமையான கேமைச் செய்தவர் அவர். ஈ.டி.க்கு அவருக்குக் கிடைத்தது சுமார் ஐந்து வாரம், ஒரு 8 கிலோபைட் கார்ட்ரிட்ஜ். கிறிஸ்துமஸுக்குக் கடைக்குப் போயாக வேண்டும் என்பது அவர் வைத்த கெடு இல்லை. யாருமே வாங்கவில்லை என்பதும் கதை. சுமார் 15 லட்சம் விற்றது, அதைவிட மிக அதிகமாகத் தயாரித்ததுதான் வினை. மிச்சத்தில் ஒரு பங்கை 1983-இல் நியூ மெக்ஸிகோவின் அலமோகோர்டோ குப்பைமேட்டில் புதைத்தார்கள். 2014-இல் தோண்டியபோது ஈ.டி.யோடு வேறு பல கேம்களும் வந்தன. அதில் சென்டிபீட் என்ற கேமும் இருந்தது, அதை யாரும் மட்டம் என்று சொன்னதில்லை.