பதின்வயதில் பளு தூக்கினால் உயரம் நின்றுவிடுமா? பாதுகாப்பாகத் தொடங்குவது எப்படி?

ஒழுங்காகச் செய்யும் எடைப் பயிற்சி உயரத்தைக் குறைக்காது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பு 2020-இல் வெளியிட்ட அறிக்கையும் இதையே சொல்கிறது. ஆனால் இந்தப் பயம் வெறும் கட்டுக்கதையும் அல்ல. எலும்பு வளரும் இடம் ஒன்று உண்டு. அங்கே அடிபட்டால் வளர்ச்சி கெடலாம்.

கை, கால்களின் நீண்ட எலும்புகளில் முனையை ஒட்டிக் குருத்தெலும்பால் ஆன மெல்லிய அடுக்கு இருக்கும். அதுதான் வளர்ச்சித் தட்டு. எலும்பு நீளுவது அங்கேதான். பெண்களுக்கு ஏறத்தாழ 14–16 வயதிலும் ஆண்களுக்கு 16–18 வயதிலும் பெரும்பாலான தட்டுகள் கெட்டிப்பட்டு மூடிக்கொள்ளும். அதுவரை அந்த இடம் சுற்றியுள்ள எலும்பைவிட மென்மையானது. பெரியவருக்குச் சுளுக்கோடு போகிற அடி, வளரும் பிள்ளைக்குத் தட்டில் முறிவாகலாம். அந்த முறிவுகளில் பெரும்பாலானவை கீழே விழுவதாலும் ஓடியாடும் விளையாட்டுகளாலும் வருபவை. உயரத்திலிருந்து குதித்துத் தரையிறங்கும்போதே உடல் எடையைப் போலப் பல மடங்கு விசை காலில் இறங்குகிறது. எடைப் பயிற்சியில் காயம் வருவது பெரும்பாலும் டம்பெல் காலில் விழுந்து, விரல் நசுங்கி, அல்லது பக்கத்தில் யாரும் இல்லாமல் சக்திக்கு மீறித் தூக்கிப் பார்த்து.

பளுதூக்கும் வீரர்கள் பலர் குட்டையாக இருக்கிறார்களே என்பார்கள். கை, கால் குட்டையாக இருந்தால் எடையை உயர்த்த வேண்டிய தூரம் குறைவு. அதனால் அப்படிப்பட்டவர்கள் அந்த விளையாட்டில் நிலைக்கிறார்கள். கூடைப்பந்து ஆடி யாரும் நெட்டையாவதில்லை, அது போலத்தான் இதுவும். மாலையில் அளந்தால் காலையைவிட 1–2 செ.மீ. வரை குறைவதும் உண்டு. முதுகெலும்பு வட்டுகள் நாள் முழுக்க அழுந்துவதால் வருவது அது. தூங்கி எழுந்தால் சரியாகிவிடும்.

உயரத்தை உண்மையிலேயே பறிப்பவை வேறு. தசை வளர்க்க எடுக்கும் ஸ்டீராய்டுகளில் பல, உடலுக்குள் ஈஸ்ட்ரோஜனாக மாறி வளர்ச்சித் தட்டைச் சீக்கிரமே மூடிவிடும். மூடியதைத் திறக்க மருந்து கிடையாது. யார் கொடுத்தாலும் வேண்டாம். கடுமையாகப் பயிற்சி செய்துகொண்டே மாதக்கணக்கில் அரைவயிறு சாப்பிடுவதும் வளர்ச்சியைத் தாமதப்படுத்தும். 13 முதல் 18 வயது வரை இரவில் 8–10 மணி நேரத் தூக்கம் வேண்டும்.

இதய நோயோ, கட்டுப்படாத ரத்த அழுத்தமோ, வலிப்போ இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் தொடங்காதீர்கள். மற்றவர்கள் முதல் 2 வாரம் எடையே இல்லாமல் பழகுங்கள்: ஸ்குவாட் (முட்டி மடக்கி உட்கார்ந்து எழுவது), தண்டால், பிளாங்க் (முழங்கையை ஊன்றி உடலைப் பலகைபோல் நேராக நிறுத்துவது), ஒரு கோலோடு இடுப்பை மடக்கிக் குனிதல். கோலை முதுகோடு நெட்டாகப் பிடியுங்கள். பின்தலை, மேல்முதுகு, வால் எலும்பு மூன்றிலும் அது ஒட்டியிருக்க வேண்டும். குனியும்போது ஒன்றில் விலகினாலும் முதுகு வளைகிறது என்று அர்த்தம். மூன்றும் ஒட்டியபடி 10 முறை வராதவரை டெட்லிஃப்ட் (தரையில் இருக்கும் எடையைக் குனிந்து தூக்கி நிமிர்வது) பக்கம் போக வேண்டாம்.

அடுத்து ஒரே ஒரு லேசான டம்பெல். நெட்டாக நிறுத்தி, நெஞ்சோடு சேர்த்துப் பிடித்து ஸ்குவாட் செய்யுங்கள். முட்டி, கால்விரல் போகும் திசையிலேயே போகட்டும். குதிகால் தரையை விட்டு எழக் கூடாது. முட்டி உள்ளே சாய்ந்தால் எடை அதிகம். குதிகால் எழுந்தால் அளவுக்கு மீறி இறங்குகிறீர்கள். எழும்போது மூச்சை விடுங்கள், அடக்காதீர்கள். பளுதூக்கும் போட்டிகளில் ஆண்கள் பயன்படுத்தும் வெறும் பார் (எடைத் தட்டுகளை மாட்டும் கம்பி) மட்டுமே 20 கிலோ, பெண்களுடையது 15 கிலோ. தொடங்குபவருக்கு அது ஆரம்ப எடை அல்ல.

வாரம் 2 அல்லது 3 நாள், நடுவில் ஒரு நாள் ஓய்வு. 5–10 நிமிடம் வார்ம்-அப். 6 பயிற்சிகள், ஒவ்வொன்றும் 1–2 செட் (நடுவில் நிறுத்தாமல் செய்யும் ஒரு சுற்று), செட்டுக்கு 10–15 முறை. 15 முறையும் வடிவம் கெடாமல் வந்த பிறகே 5–10 சதவீதம் ஏற்றுங்கள். ஒரே முறை தூக்கி அதிகபட்சத்தைச் சோதிக்கும் ஆசையைத் தள்ளிப்போடுங்கள்.

திடீரென்று நெட்டையாகும் காலம் (பெண்களுக்கு 12 வயதை ஒட்டி, ஆண்களுக்கு 14-ஐ ஒட்டி) தனிக் கவனம் கேட்கும். கால் நீண்டுவிட்டதால் போன மாதம் சுலபமாக வந்த ஸ்குவாட் இப்போது தடுமாறும். சோம்பல் என்று திட்டாதீர்கள். எடையைக் குறைத்து வடிவத்தை மறுபடி பழக்குங்கள். முட்டிச் சில்லுக்குக் கீழோ குதிகாலின் பின்னாலோ வலித்தால் குதிக்கும் பயிற்சிகளையும் ஆழமான ஸ்குவாட்டையும் நிறுத்திவையுங்கள்.

மறுநாள் தசையில் வரும் வலி இயல்பு. மூட்டை ஒட்டிய எலும்பைத் தொட்டால் வலித்தாலோ, வீங்கினாலோ, காலை ஊன்ற முடியாவிட்டாலோ அன்றே மருத்துவரைப் பாருங்கள். வளர்ச்சித் தட்டில் ஏற்படும் சில முறிவுகள் முதல் எக்ஸ்ரேயில் தெரியாது. வலி தொடர்ந்தால் மறுபடி காட்டுங்கள்.