மழைத்தண்ணி ஐசோடோப் சாம்பிள்: எப்படி பிடிக்கறது, ரிசல்ட்ட எப்படி படிக்கறது

ஐசோடோப்னா ஒரே தனிமத்தோட வேற வேற எடை உள்ள அணுக்கள், மழைத்தண்ணில அதுங்க எவ்ளோ இருக்குனு பாத்தா ஈரம் வந்த வழி தெரியும். மொதல்ல பாட்டில கவனிங்க. லேப்ல எவ்ளோ காஸ்ட்லியான மெஷின் இருந்தாலும் சரி, பிடிச்ச தண்ணி ஆவியாயிருந்தா எல்லாம் வேஸ்ட், ஏன்னா ஆக்சிஜன்-16 உள்ள லேசான தண்ணி முந்திக்கிட்டு போயிடும், கனமான 18 தங்கிடும், மழைய அளக்கறதா நெனச்சு மொட்டமாடி வெயில அளந்துட்டு இருப்பீங்க. புனல்லேர்ந்து ஒரு ட்யூப் பாட்டிலோட அடி வரைக்கும் போகணும். பாரஃபின் எண்ணெய் மேல மிதக்க விடற பழைய முறையும் உண்டு, ஆனா லேசர் மெஷினுக்கு அது தொல்ல. தினம் காலைல 8.30க்கு எத்தன மில்லிமீட்டர்னு குறிச்சுட்டு, சின்ன பாட்டில்ல காத்துக்கு எடமே இல்லாம கழுத்து வரைக்கும் ரொப்பி இறுக்கி மூடுங்க.

ரிசல்ட் பெரும்பாலும் மைனஸ்ல வரும், பயப்படாதீங்க, கடல்தண்ணிய பூஜ்யமா வெச்சு கனமான அணு ஆயிரத்துக்கு எவ்ளோ கம்மினு சொல்றதுதான் அது. குளிர்னா மைனஸ் கூடும்னு பாடப்புக்ல இருக்கும், நம்மூருக்கு அது பெருசா ஒத்து வராது. இங்க மழையளவுதான் பேசும், கொட்டித் தீர்த்தா மைனஸ் கூடும், 1964லயே டென்மார்க் விஞ்ஞானி டான்ஸ்கார்ட் சொன்னது. ஆனா உங்க மாடில பெஞ்சத மட்டும் பாத்தா குழம்பிடுவீங்க, அந்த ஈரம் வர்ற வழில எவ்ளோ கொட்டிட்டு வந்துச்சுங்கறதுதான் முக்கியம். காத்து வந்த பாதைய கணக்கு போடற ஹைஸ்ப்ளிட்ங்கற ஆன்லைன் ப்ரோக்ராம்ல ஃப்ரீயாவே அஞ்சு நாள் பின்னாடி போய் பாருங்க. தென்மேற்குல அரபிக்கடல் பக்கத்து ஈரம், ஐப்பசி கார்த்திகைல வங்கக்கடல் ஈரம். வங்கக்கடல்ல தாழ்வு மண்டலமா சுத்தி சுத்தி பெஞ்சுட்டு வருது, கங்கை பிரம்மபுத்ரா கொண்டாந்து விடற நல்லதண்ணியும் அந்தக் கடலோட மேல்மட்டத்துல கலந்திருக்கு, அதனாலதான் வடகிழக்கு மழை பொதுவா தென்மேற்க விட மைனஸ் ஜாஸ்தி.

அடுத்து டி-எக்ஸஸ், தண்ணி ஆவியாச்சானு காட்டிக்குடுக்கற கணக்கு. டியூட்டீரியம் (அதாவது கனமான ஹைட்ரஜன்) மதிப்புலேர்ந்து ஆக்சிஜன்-18 மதிப்போட 8 மடங்க கழிங்க. மைனஸ் 38, மைனஸ் 6னு வந்தா 10, உலக சராசரியும் அதான். மைனஸ் 12, மைனஸ் 2னா வெறும் 4. அன்னிக்கு வெறும் தூறல்னா துளி விழும்போதே காஞ்சிருக்கும், ஓகே. நல்லா கொட்டின நாள்லயும் 4னா மொதல்ல மூடிய சந்தேகப்படுங்க.

புயல் வந்தா மட்டும் தினம் ஒரு பாட்டில் பத்தாது, மைனஸ் கண்டபடி எறங்கி ஏறும், முடிஞ்சவரைக்கும் மணிக்கு ஒண்ணு மாத்துங்க, ஆனா காத்து அடங்காம மாடிக்கு ஏறாதீங்க, கயிறு கட்டி ஜன்னல் பக்கமா வெச்சாலே போதும், சுவத்துல வழியற தண்ணி மட்டும் உள்ள விழக்கூடாது.