‘சவுத் பசிபிக்’ போடும் குழுக்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் ஊருக்கு ஊர் இருக்கும் அமெச்சூர் நாடகக் குழுக்களில் மேடை நிர்வாகம் பார்த்துவருகிறேன். இசையமைப்பாளர் ராட்ஜர்ஸ், பாடலாசிரியர் ஹேமர்ஸ்டைன் இருவரின் ‘சவுத் பசிபிக்’ இசை நாடகத்தை எடுக்கும் புதியவர்கள், பழைய குழுக்கள் இடறிய அதே இடங்களில்தான் இடறுகிறார்கள். வசனம் மறப்பது, ஒத்திகைக்குத் தாமதமாக வருவது எல்லாம் தெரிந்த கதை. விட்டுவிடுகிறேன்.

லெப்டினன்ட் கேபிளின் பாட்டை வெட்டுவது

இன்றும் எனக்குக் கோபம் வரவைக்கும் தவறு இது. இரண்டாம் உலகப் போர்க் காலத் தீவு. ஆர்கன்சாஸிலிருந்து வந்த நர்ஸ் நெல்லி, பிரெஞ்சுத் தோட்ட முதலாளி எமிலைக் காதலிக்கிறாள். அவருடைய குழந்தைகளின் இறந்துபோன தாய் பாலினேசியப் பெண் என்று தெரிந்ததும் விலகுகிறாள். இந்த நிற வெறுப்பு பிறவியிலேயே வந்த உணர்வு என்கிறாள். இல்லை, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து ஊட்டப்படுவது என்று லெப்டினன்ட் கேபிள் பாடுகிறான். இரண்டு நிமிடம்கூட ஓடாத பாட்டு.

ஒரு குழுவில், அரங்கேற்றத்துக்கு முந்தைய வாரம் இயக்குநர் அதை எடுத்துவிட்டார். விளம்பரம் கொடுத்தவர்கள் முகம் சுளிப்பார்களாம். அன்றைய ஒத்திகையில் நெல்லி அழுதபடி ஓடினாள். எமிலாக நடித்தவர் அடுத்த வசனத்தை எந்த உணர்ச்சியில் பிடிப்பது என்று தெரியாமல் நின்றார். கேபிளும் தீவுப் பெண் லியாத்தை மணக்க மறுத்தவன்தான். அவன் தன்னையே கூண்டில் ஏற்றிக்கொள்ளும் இடம் அது. அது போனால் மிஞ்சுவது பூவும் கடற்கரையும்தான்.

விஷயம், நாடகம் போட உரிமை கொடுத்த நிறுவனத்துக்குப் போயிற்று. அனுமதியில்லாமல் ஒரு வரியைக்கூட நீக்கக் கூடாது என்பது ஒப்பந்தம். பாட்டைத் திரும்பச் சேர்ப்பதற்குள் முதல் காட்சி ரத்து, வாத்தியக்காரர்களுக்குக் கூடுதல் சம்பளம், டிக்கெட் பணம் வாபஸ் என்று வசூல் கரைந்தது.

1949-ல் முதல் மேடையேற்றத்தின்போதே இதை நீக்கச் சொன்னவர்கள் உண்டு. ராட்ஜர்ஸ், ஹேமர்ஸ்டைன் இருவரும் மறுத்துவிட்டார்கள். 1953-ல் ஜார்ஜியா சட்டமன்ற உறுப்பினர்கள் சிலர் எதிர்த்துக் கிளம்பினார்கள். அப்போதும் பாட்டு நாடகத்தில் அப்படியே இருந்தது. சங்கடமாக இருந்தால் வேறு நாடகம் எடுங்கள்.

மேடையில் தலைக்குக் குளிப்பது

நெல்லி தலை அலசியபடி பாடும் பாட்டு ஒன்று உண்டு. முதல் நெல்லியான மேரி மார்ட்டின் நாடகம் நடந்த ஒவ்வொரு முறையும் மேடையில் நிஜமாகவே தலை அலசினார். நீங்களும் செய்யலாம், மைக்கை யோசித்துவிட்டு. முடிக்குள் வைத்த மைக்கில் நுரை புகுந்தால் குரல் அடைத்துவிடும். அந்தப் பாட்டுக்கு மட்டும் மேலே தொங்கும் மைக்கை நம்புங்கள். மைக்கின் டிரான்ஸ்மிட்டரை ரப்பர் உறையில் போட்டு இறுக்கிக் கட்டுங்கள். ஷவருக்கு அடியில் விளிம்பு உயர்ந்த தட்டு வேண்டும். விளக்கு அணைந்ததும் தரையைத் துடைக்க ஒருவரைப் பெயர் சொல்லி நியமியுங்கள். ‘யாராவது துடைப்பார்கள்’ என்று விட்டால் அடுத்து ஆட வருபவர் வழுக்கி விழுவார்.

முகத்தில் சாயம்

லியாத்தாகவும் அவள் தாய் பிளடி மேரியாகவும் காட்ட வெள்ளை நடிகர்களுக்குச் சாயம் பூசாதீர்கள். பொருத்தமான நடிகர்கள் கிடைத்த பிறகே உரிமைக்கு எழுதுங்கள்.

வீடியோ

நாடகத்தை வீடியோ எடுக்க உரிமை தனி. ஒப்பந்தத்தைப் படியுங்கள்.