கடற்கரை மணலில் டென்ட் பறக்காமல் இருக்க: அரியமான் பக்கம் முகாம் போடும் புதியவர்களுக்கு

யூடியூபில் முகாம் வீடியோக்களைப் பார்த்துவிட்டு டென்ட் வாங்குகிறவர்கள் நம் மாவட்டத்திலும் பெருகிவிட்டார்கள். நியூசிலாந்தின் டௌப்போ, சுமத்ராவின் டோபா என்று எரிமலை வெடித்த பள்ளத்தில் தண்ணீர் நிறைந்த ஏரிகள், புல்தரை, நாலு முளை, ஒரு சுத்தியல். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. அதை அப்படியே இராமநாதபுரம் கடற்கரையில் செய்தால் முதல் காற்றுக்கே முளை நாலும் கையோடு வந்துவிடும். ஏரித் தண்ணீரை வடிகட்டிக் குடிக்கும் அந்தச் சின்ன ஃபில்டரையும் வாங்க வேண்டாம். அது அழுக்கை எடுக்கும், உப்பை எடுக்காது. ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 லிட்டர் குடிநீர், கேனில் எடுத்துப் போங்கள்.

எப்போது, எங்கே

தை பிறந்ததிலிருந்து பங்குனி வரை நல்ல காலம். ஐப்பசி, கார்த்திகையில் மழையும் புயலும். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்கிறார்கள், டென்ட் எம்மாத்திரம்?

புதியவர்களுக்கு வடகடல்தான், அதாவது பாக் நீரிணைப் பக்கம். ஆழம் குறைவு, வாடைக்காலம் தவிர அலையும் குறைவு. உச்சிப்புளிக்கு வடக்கே அரியமான், பிரப்பன்வலசை இரண்டும் என் தேர்வு. சவுக்குத் தோப்பு நிழல் உண்டு. தனுஷ்கோடியில் இரவு தங்கும் ஆசையை விட்டுவிடுங்கள், மாலையிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986 முதல் தேசியப் பூங்கா. அனுமதி இல்லாமல் அங்கே கால் வைக்கக்கூடாது.

இது எல்லைக் கடல். ஊர்ப் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை, மரைன் போலீஸ் நிலையத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, ஆதார் நகலோடு போங்கள். டிரோன் வேண்டவே வேண்டாம், உச்சிப்புளியில் கடற்படை விமானத்தளம் இருக்கிறது.

இடம் பிடிப்பது

கரையில் காய்ந்த கடற்புல் ஒரு கோடாக ஒதுங்கிக் கிடக்கும். தண்ணீர் அதுவரை வந்திருக்கிறது என்று அர்த்தம். இங்கே கடல் ஏறி இறங்கும் ஏற்றவற்றம் ஒரு மீட்டரைக்கூடத் தொடாது, ஆனால் கரை தட்டையாக இருப்பதால் தண்ணீர் தூரம் ஓடி வரும். கோட்டிலிருந்து பத்து இருபது அடி மேலே தள்ளிப் போங்கள். தரையைக் கையால் தடவிப் பாருங்கள். ராவணன் மீசை என்கிற கடற்கரைப் புல்லின் கூர்முனையும் சீமைக் கருவேல முள்ளும் மணலுக்குள் இருக்கும். காற்றடைத்த மெத்தைக்கு ஒரு முள் போதும். அதனாலேயே நான் கோரைப்பாய்க் கட்சி.

மணலில் கட்டுவது

மற்றதெல்லாம் டென்ட் உறையிலேயே படம் போட்டிருக்கும். முளைக்குப் பதிலாக மணல் பையைப் புதைத்துக் கட்டும் இந்த முறை மட்டும் இருக்காது. எனக்கும் பிடிபட நாளானது.

தேவை: ஆறு பழைய அரிசிப் பை (5 கிலோ அளவு, துணிப் பையானால் இன்னும் நல்லது), வலைக்கடையில் கிடைக்கும் நைலான் கயிறு, ஒரு மண்வெட்டி. டென்டோடு வரும் கயிற்றை நான் நம்புவதில்லை. மீன்பிடிக் கயிறு உப்புக்குப் பழகியது, விலையும் குறைவு.

1. காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பாருங்கள். ஒரு பிடி மணலை விட்டால் தெரிந்துவிடும். வாசல் அதற்கு எதிர்ப்பக்கம்.

2. டென்டை விரித்ததும் உள்ளே நாலு மூலையிலும் தண்ணீர் கேனை வையுங்கள். ஆளில்லாத வெறும் டென்ட்தான் பறக்கும்.

3. பையில் முக்கால்வாசி மணல் போட்டு வாயைக் கட்டுங்கள். கயிற்றை வாயில் கட்டாதீர்கள், பையின் நடு இடுப்பில் கட்டுங்கள். வாயில் கட்டினால் பை நெட்டுக்குத்தாகத் திரும்பி உருவிக்கொண்டு வந்துவிடும்.

4. மூலையிலிருந்து நாலடி தள்ளி, ஒன்றரை அடி ஆழத்துக்குக் குழி. பையைக் கயிற்றுக்குக் குறுக்கே படுக்க வையுங்கள்.

5. முக்கியமான இடம் இது. குழியிலிருந்து டென்ட் பக்கம் ஒரு சாய்வான வாய்க்கால் கீறி, கயிற்றை அதில் படிய விடுங்கள். கயிறு குழியிலிருந்து நேராக மேலே எழும்பினால், காற்றின் ஒவ்வொரு இழுப்புக்கும் பை கொஞ்சம் கொஞ்சமாக மேலே வரும். சாய்வாகப் போனால் பை பக்கவாட்டில் இழுபடும், முன்னால் இருக்கும் மணல் முழுக்க அதைத் தாங்கும்.

6. மணலை மூடி, ஒரு வாளி கடல் தண்ணீர் ஊற்றி, ஏறி மிதியுங்கள். ஈர மணல் இறுகும். காய்ந்தால் தளரும், அதனால் படுக்கும் முன் இன்னொரு வாளி.

காற்று வரும் பக்கத்து மூலைகளை முதலில் கட்டுங்கள். கயிற்றைச் சுண்டினால் விண்ணென்று இருக்க வேண்டும்.

பகலில் என்ன செய்வது

கயாக் ஓட்டலாம், இடுப்பளவுத் தண்ணீரில் நடக்கலாம். நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் மணலோடு தேய்த்துக்கொண்டே போங்கள். அடியில் படுத்திருக்கும் திருக்கை விலகிப் போய்விடும். மிதித்தால் வாலிலுள்ள முள்ளால் குத்தும். அப்படிக் குத்துப்பட்டால் தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் காலை வைத்துக்கொண்டே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். ஒரு நாள் கூடுதலாக இருந்தால் தொண்டிப் பக்கம் காரங்காடு போய்வரலாம். வனத்துறையே அலையாத்திக் காட்டுக்குள் படகில் கூட்டிப்போகிறது.

அடுப்பைத் தோப்புக்குள் மூட்டாதீர்கள், சவுக்குச் சருகு சட்டென்று பற்றும்.

பின்சேர்க்கை

இந்த முறையில் கட்டிப் பார்த்தவர்களில், கடல் பக்கம் மட்டும் பை புதைத்த ஒருவருக்கு நடு ராத்திரியில் டென்ட் கடலைப் பார்த்துக் கவிழ்ந்திருக்கிறது. பகலில் கடலிலிருந்து வீசும் காற்று, தரை குளிர்ந்ததும் கரையிலிருந்து வீசும். ஆறு பை சொன்னது அதற்குத்தான்: மூலைக்கு ஒன்று, வாசல் பக்கமும் பின்பக்கமும் ஒவ்வொன்று.

பையை வெளியே எடுக்க முடியவில்லை, கயிறு அறுந்துவிட்டது என்று இன்னொருவர். இழுக்கக்கூடாது, தோண்டித்தான் எடுக்க வேண்டும். பிளாஸ்டிக் பையைப் புதைத்துவிட்டு வராதீர்கள்.

ஜிப் இறுகிப்போகிறது என்று பலர் கேட்டிருந்தார்கள். உப்புதான் காரணம். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் காயவைத்து, பல் மேல் மெழுகுவத்தியை இரண்டு முறை தேய்த்தால் போதும். தேங்காய் எண்ணெய் போடாதீர்கள், மணல் ஒட்டிக்கொள்ளும்.