பிக்கப் வண்டியின் ஏர் பை: காற்றடிப்பதும் கசிவு பார்ப்பதும்

லீஃப் ஸ்பிரிங் (அடுக்கிய பட்டை வில்) உள்ள பிக்கப்பில், பின் ஆக்சிலுக்கும் (சக்கரங்களை இணைக்கும் தண்டு) சேஸிஸுக்கும் (வண்டியின் அடிச்சட்டம்) நடுவே பக்கத்துக்கு ஒன்றாகப் பொருத்தும் ரப்பர் காற்றுப் பைகளுக்கான பராமரிப்பு இது. பாரம் ஏறியதும் பின்பக்கம் தாழாமல் தாங்குவதுதான் இவற்றின் வேலை. வண்டி இழுக்கக்கூடிய எடை இவற்றால் கூடிவிடாது. ஆக்சில், டயர், பிரேக் எல்லாம் பழையவைதானே. ஆர்.சி.யில் உள்ள எடையே வரம்பு.

எவ்வளவு காற்று என்பதை மீட்டரை விட அளவு டேப் சரியாகச் சொல்லும். காலி வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, பைகளில் 5 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) மட்டும் விட்டு, பின் சக்கரத்தின் நடுவிலிருந்து நேர் மேலே மட்கார்டு விளிம்பு வரை இரு பக்கமும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பாரம் ஏற்றிய பின் மறுபடி அளந்து, காலி உயரத்துக்கு ஒரு விரற்கடை குறைவாக வரும்வரை காற்றடியுங்கள். அதற்கு மேல் தூக்கினால் மேடுபள்ளத்தில் பின்பக்கம் குதிக்கும், சக்கரம் பிடி தளரும்.

ஐந்து ஐந்து பிஎஸ்ஐயாக ஏற்றுவதே நல்லது. டயரை ஒப்பிட்டால் பையின் கொள்ளளவு மிகச் சிறிது. பஞ்சர் கடை கம்ப்ரஸர் சில நொடிகளில் வரம்பைத் தாண்டிவிடும். சைக்கிள் பம்பே போதும். இந்த வகைப் பைகள் பலவற்றுக்கு உச்சம் 100 பிஎஸ்ஐ. காயில் ஸ்பிரிங்குக்குள் வைக்கும் உருளைப் பைகள் சிலவற்றுக்கு 35தான். பையோடு வந்த தாளைப் பார்க்காமல் அடிக்க வேண்டாம். பாரம் இறக்கியதும் காற்றையும் குறையுங்கள், ஆனால் 5க்குக் கீழே விடாதீர்கள். காற்றில்லாத பை மடிந்து, மேலும் கீழும் உள்ள தகடுகளுக்கு நடுவே நசுங்கிக் கிழியும்.

இரண்டு பைகளையும் ஒரே வால்வில் இணைப்பது எங்களுக்கு உடன்பாடில்லை. வளைவில் வெளிப்பக்கப் பையின் காற்று உள்பக்கத்துக்கு ஓடிவிடும். வண்டி இன்னும் சாயும்.

மீட்டர் வைத்து எடுக்கும்போதே சில பிஎஸ்ஐ போகும், அதைக் கசிவு என்று எண்ண வேண்டாம். ஒரே இரவில் 5 பிஎஸ்ஐக்கு மேல் இறங்கினால்தான் தேட வேண்டும். பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு பங்கு, தண்ணீர் நான்கு பங்கு கலந்து வால்வு முனை, குழாய் இணைப்பு, பையின் மேல்முனை என்று வரிசையாகத் தெளியுங்கள்.

பெரும்பாலும் குமிழி கிளம்புவது குழாய் இணைப்பில்தான். கட்டிங் பிளேயரால் வெட்டிய குழாயின் வாய் நசுங்கி நீள்வட்டமாகியிருக்கும், இணைப்புக்கு உள்ளே இருக்கும் ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) அதைச் சுற்றிலும் பிடிக்காது. காற்றை முழுதும் இறக்கி, இணைப்பின் வெளிவாயில் உள்ள வளையத்தை உள்ளே அழுத்தியபடி குழாயை உருவுங்கள். புது பிளேடால் 1 செ.மீ. நேராக வெட்டி, வெளிப்புறத்தில் கீறல் இல்லை என்று பார்த்து, முட்டி நிற்கும்வரை தள்ளுங்கள். வால்வில் குமிழி வந்தால் உள்ளே இருக்கும் முள்ளை மாற்றினால் போதும். டயர் வால்வு முள்ளேதான்.

சர்வீஸில் அடிப்பக்கத்துக்கு டீசல் அடிப்பார்கள், பை மேல் படவிடாதீர்கள். ரப்பர் ஊதிக் கெடும். சோப்புத் தண்ணீர் போதும். பைக்கும் லீஃபுக்கும் இடையில் சிக்கிய கல்லை எடுத்துவிடுங்கள்.

சேஸிஸில் ஜாக்கி வைப்பதற்கு முன் காற்றை இறக்குங்கள். ஸ்டாண்டு கொடுக்காமல் அடியில் நுழையவே கூடாது. வண்டியைக் கீழே இறக்கியதும் பை மடிப்பில்லாமல் நேராக உட்கார்ந்ததா என்று பார்த்து, 5 பிஎஸ்ஐ அடித்த பிறகே வண்டியை நகர்த்துங்கள்.