யோபுவைக் கண்டுபிடித்தால் மட்டும் போதாது

இந்த வாரம் திருத்திய ஆரம்பகால அமெரிக்க இலக்கிய விடைத்தாள்களில் பாதி, இருபது வருடங்களுக்கு முன் நான் எழுதியதைப் பார்த்து எழுதியவை போலவே இருந்தன. அதே தவறுகள். ஆண்டு மாறுவது, பெயர் பிழையாவது போன்றவை இங்கே வேண்டாம். அவற்றை உரைநூலே திருத்திவிடும்.

வசனத்தைக் கண்டதும் பேனாவை மூடுவது

இதுதான் இன்றும் எனக்கு எரிச்சல். 1666 ஜூலை 10 அன்று மாசசூசெட்ஸில் கவிஞர் ஆன் பிராட்ஸ்ட்ரீட்டின் வீடு எரிந்துபோனது. அதைப் பற்றிய அவருடைய கவிதை 54 வரி. 14ஆவது வரியில், கொடுத்தும் எடுத்தும் கொண்டவரின் நாமத்தை வாழ்த்தினேன் என்கிறார். பைபிளில் எல்லாவற்றையும் இழந்த யோபு சொல்லும் 'கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்' என்ற வசனம்தான் இது, யோபு 1:21. மாணவர் பூரித்துப்போய், யோபுவின் ஆடுமாடு, பிள்ளைகள், கொப்புளங்கள் என்று ஒன்றரைப் பக்கம் எழுதி, 'ஆகவே தொனி: சரணாகதி' என்று முடித்துவிடுகிறார்.

மிச்சம் 40 வரி?

அங்கேதான் கவிதையே இருக்கிறது. இடிபாடுகளை அவர் அடிக்கடி கடந்து போகிறார். இங்கே அந்தப் பெட்டி இருந்தது, அங்கே இன்னொன்று. இனி இந்தக் கூரையின் கீழ் விருந்தாளி வரமாட்டார், மெழுகுவர்த்தி எரியாது, மணமகனின் குரல் கேட்காது. கடவுளை வாழ்த்தி முடித்தவர் எதற்குப் பெட்டியை எண்ணுகிறார்? வாய் வாழ்த்திவிட்டது, மனம் இன்னும் சாம்பலில் நிற்கிறது. அந்த மணமகன் குரலும் பைபிள்தான். யூதா நாடு பாழாவதைச் சொல்லும் எரேமியா 7:34. யோபுவை எல்லோரும் பிடித்துவிடுகிறார்கள், இதை யாரும் பார்ப்பதில்லை. கடைசியில், உலகத்தின் மேல் ஆசை வைக்க இனி விடாதே என்று வேண்டுகிறார். ஆசை விட்டுப்போனவருக்கு அந்த வேண்டுதல் எதற்கு?

எம்.ஏ. முதலாண்டில் நானும் யோபு கதை முழுவதையும் எழுதினேன். தாளின் ஓரத்தில் சிவப்பு மையில் ஒரே வரி: 'யோபு வந்துவிட்டார், அந்த அம்மாள் எங்கே?' 15க்கு 4.

மாயையைச் சங்கரரிடம் கொண்டுபோவது

அதே கவிதையில் 'எல்லாம் மாயை' என்று வருகிறது. நம் பிள்ளைகள் உடனே அத்வைதத்துக்குத் தாவுகிறார்கள். இது பைபிளில் உள்ள பிரசங்கி புத்தகத்து மாயை. அங்குள்ள எபிரேயச் சொல்லுக்கு மூச்சு, நீராவி என்று பொருள்: நில்லாதது. உலகமே பொய்த்தோற்றம் என்று பிராட்ஸ்ட்ரீட் சொல்லவில்லை. எரிந்தது நிஜப் பெட்டி.

ஜோனதன் எட்வர்ட்ஸ் கத்தினார் என்று எழுதுவது

1741 ஜூலை 8, என்ஃபீல்ட் ஊரில் பாவிகளை எச்சரித்துப் போதகர் எட்வர்ட்ஸ் செய்த பிரசங்கம் இது. கதறியவர்கள் கேட்டவர்கள், அவர் அல்ல.

பிலிஸ் வீட்லி 'நன்றி சொல்கிறார்' என்று முடிப்பது

ஆப்பிரிக்காவிலிருந்து அமெரிக்காவுக்கு அடிமையாகக் கொண்டுவரப்பட்டதைப் பற்றிய அவருடைய கவிதை, 1773இல் அச்சான எட்டே வரி. கறுப்பர்களைத் தம்பியைக் கொன்ற காயீனோடு சேர்த்துச் சொல்லும் வரியை இன்னொரு முறை படியுங்கள். 'நினைவிருக்கட்டும், கிறிஸ்தவர்களே' என்று ஓர் அடிமைப் பெண் யாருக்குப் பாடம் நடத்துகிறார்?