உங்க பொருளை யார் வாங்குவாங்கன்னு கண்டுபிடிக்கிறது எப்படி?

"இது எல்லாருக்கும் யூஸ் ஆகும்ங்க"ன்னு சொல்றீங்கன்னா, விளம்பரத்துக்கு காசு போடறத கொஞ்சம் நிறுத்திட்டு இதைப் படிங்க.

ஸ்டெப் 1: ஏற்கனவே வாங்கினவங்கள்ல ஒரு பத்து பேருக்கு போன் பண்ணுங்க. இதுதான் ரொம்ப முக்கியம். "பிடிச்சிருக்கா?"ன்னு மட்டும் கேக்காதீங்க, எல்லாரும் பிடிச்சிருக்குன்னுதான் சொல்வாங்க. "என்ன நடந்தப்போ இதை வாங்கணும்னு தோணுச்சு?"ன்னு கேளுங்க. நான் பசங்களுக்கான கையெழுத்துப் பயிற்சி நோட்டு வித்தப்போ "அழகான கையெழுத்து"ன்னுதான் விளம்பரம் போட்டுட்டு இருந்தேன், ஒரு அம்மா போன்ல "பதில் சரியா எழுதியும் டீச்சருக்கு படிக்க முடியலன்னு மார்க் போச்சுங்க, பேப்பரைப் பாத்த அன்னிக்கு ராத்திரியே ஆர்டர் போட்டுட்டேன்"ன்னாங்க, அதுக்கப்புறம் பேசின நாலஞ்சு பேரும் கிட்டத்தட்ட இதையேதான் சொன்னாங்க. அழகைப் பத்தி ஒருத்தர்கூட பேசல!

ஸ்டெப் 2: யூஸ் பண்றது யாரு, காசு கொடுக்கிறது யாருன்னு பிரிச்சுப் பாருங்க. எழுதறது பையன், வாங்கறது அம்மா. விளம்பரம் அம்மாகிட்டதான் பேசணும்.

ஸ்டெப் 3: ஒரே வரியில எழுதுங்க. யாரு, என்ன பிரச்னை, எப்போ. "விடைத்தாள்ல மார்க் போனதைப் பாத்து கவலைல இருக்கிற அம்மா அப்பா, பரீட்சை பேப்பர் வீட்டுக்கு வர்ற வாரம்." வயசு, ஊரெல்லாம் இதுக்கு அப்புறம் சேத்துக்கலாம்.

இன்னும் யாருமே வாங்கலையா? உங்கள மாதிரி பொருளுக்கு வந்த ரெண்டு, மூணு ஸ்டார் ரிவ்யூ படிங்க, எதை எதிர்பாத்து வாங்கினாங்கன்னு அதுலதான் விவரமா இருக்கும். மெட்டா ஆட் லைப்ரரில (ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம்ல ஓடற விளம்பரங்களை மெட்டா கம்பெனி காட்டற தளம்) போட்டியாளரோட விளம்பரமும் இலவசமா பாக்கலாம், எந்த தேதியில ஆரம்பிச்சதுன்னும் காட்டும். ஒரே விளம்பரம் மாசக்கணக்கா ஓடுதுன்னா அது யார்கிட்ட பேசுதுன்னு கவனிங்க.

ஸ்டெப் 4: சின்ன பட்ஜெட்ல டெஸ்ட் பண்ணுங்க. ஒரே படம், ஒரே வாசகம், ஆடியன்ஸ் (விளம்பரத்தைக் காட்டற ஆளுங்க) மட்டும் வேற வேற. லைக்க எண்ணாதீங்க, ஆர்டர எண்ணுங்க.

உங்க கஸ்டமர் லிஸ்ட்ல ஒரே நாட்டைச் சேந்த குறைஞ்சது 100 பேராவது ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் கணக்கோட மேட்ச் ஆனா, மெட்டால லுக்அலைக் ஆடியன்ஸ் (உங்க கஸ்டமர் மாதிரியே இருக்கிற புது ஆளுங்க) போடலாம். லிஸ்ட ஏத்தறதுக்கு முன்னாடி உங்க முகத்துக்காக வாங்கின சொந்தக்காரங்க, ஃப்ரெண்ட்ஸ் நம்பரையெல்லாம் எடுத்துடுங்க, இல்லன்னா மெட்டா அவங்கள மாதிரி ஆளுங்களையும் சேத்துத் தேட ஆரம்பிச்சிடும்.